எடிட்டிங் நன்றாக இருக்கிறதா என்று சாதாரண ரசிகர் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: "இரண்டாம் பாதியில் எடிட்டர் இன்னும் தாராளமாகக் கத்தரி போட்டிருக்கலாம்" என்று பாதி விமர்சனங்களில் வருகிறது. சினிமா படிக்காத ஒருவர் எடிட்டிங்கை எடைபோட முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். முதலில் அந்தக் கத்தரி வரியை விட்டுவிட வேண்டும். அது படத்தின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறது. நீளமோ பெரும்பாலும் திரைக்கதையிலும் படப்பிடிப்பிலும் முடிவாகிவிடும். யார் முகத்தை எந்த நொடியில் காட்டுவது, அதில் எவ்வளவு நேரம் தங்குவது, எப்போது விலகுவது என்பதில்தான் எடிட்டரின் கை தெரியும்.

படம் இழுக்கிறது என்று தோன்றினால், யாருடைய குறை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இழுத்த பகுதியின் சீன்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி: இந்த சீன் முடிந்தபோது புதிதாக என்ன தெரிந்தது, யாருடைய நிலை மாறியது? அடுத்தடுத்து மூன்று சீன்களுக்கு "அப்பாவுக்கு மகன் மேல் கோபம்" என்றே எழுத வேண்டி வந்தால், அது எழுத்தில் உள்ள கோளாறு. எடிட்டர் அதில் ஒன்றைத் தூக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கிளைமாக்ஸுக்குத் தேவையான ஒரு தகவல் அந்த சீனில்தான் சொருகப்பட்டிருக்கும். தூக்கினால் கதை புரியாது.

இன்னொரு வகை இழுவை இருக்கிறது. சொல்ல வேண்டியது சீனின் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகும் ஆள் எழுந்து, கதவு வரை நடந்து, திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போவார். இங்கே எடிட்டரைக் கேட்கலாம். அதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்த சீன் முழுக்க ஒரே ஷாட்டா, அதாவது கேமராவை நிறுத்தாமல் ஒரே தொடர்ச்சியாக எடுத்ததா? ஒரே ஷாட்டின் நடுவில் ஒரு துண்டை வெட்டினால் படம் துள்ளும். எதிரில் இருப்பவரின் ரியாக்ஷனையோ வேறு கோணத்தையோ எடுத்து வைத்திருந்தால் வெட்டிய இடத்தை அதைக் கொண்டு மூடலாம். ஸ்பாட்டில் எடுக்காததை எடிட்டிங் டேபிளில் வரவழைக்க முடியாது.

இனி பயிற்சி. நன்றாகத் தெரிந்த படத்திலிருந்து இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஐந்து நிமிடத்தை எடுங்கள். பாட்டு, சண்டை வேண்டாம். அவற்றில் கட்கள், அதாவது ஒரு ஷாட் அடுத்ததற்கு மாறும் இடங்கள், தாமாகவே கண்ணில் படும், பேச்சில்தான் ஒளிந்திருக்கும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். மூன்றாம் தடவை, ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். ஐந்து நிமிடம் என்றால் 300 நொடி; 60 கோடு விழுந்தால் சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 5 நொடி. இந்த எண்ணை வைத்து நல்ல எடிட்டிங், மோசமான எடிட்டிங் என்று சொல்ல முடியாது. அது எங்கே திடீரென்று மாறுகிறது என்பதுதான் முக்கியம். ஐந்தைந்து நொடியாக ஓடிக்கொண்டிருந்த சீன் ஒரு முகத்தில் பதினெட்டு நொடி நின்றால், ஏன் நின்றது என்று கேளுங்கள். உங்களிடம் டிஸ்க்கோ ஃபைலோ இருந்தால் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'E' விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு ஃபிரேமாக (அசையாத தனிப் படமாக) நகரும். கட் விழும் இடம் துல்லியமாகத் தெரியும்.

கோடு போட்ட இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது, வசனம் பேசும்போது யார் முகம் திரையில் இருக்கிறது என்பது. "நம்ம வீட்டை வித்தாச்சுடா" என்று அண்ணன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசனம் முடிந்த பிறகு தம்பிக்கு கட் செய்தால், நமக்குக் கிடைப்பது அவனுடைய பதில். "வீட்டை" என்ற சொல்லிலேயே தம்பிக்கு வந்துவிட்டால், "வித்தாச்சு" அவன் மேல் விழுவதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுமார் அரை நொடி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 ஃபிரேம். சீனின் கனமே அதில் மாறிவிடும். பேசுபவர் முகத்தையே மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்தால், எடிட்டர் வசனத்தின் பின்னால் மட்டும் போகிறார் என்று பொருள்.

கண்ணை மூடிக் கேட்கும்போது, சத்தம் எங்கே காட்சியை முந்துகிறது என்று பாருங்கள். அடுத்த சீனின் சத்தம் முன்னதாகவே வந்தால் அதை ஜே கட் என்பார்கள். இந்த சீனின் சத்தம் அடுத்ததற்குள் நீண்டால் எல் கட். இந்தக் கோர்ப்பு இல்லாத படத்தில் ஒவ்வொரு சீனும் தனித்தனிப் பெட்டி போல நிற்கும். சில சமயம் சத்தத்தை எடுத்துவிடுவதே பெரிய முடிவாக இருக்கும். 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) வெளியூரிலிருந்து திரும்பும் ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த சேலையை மனைவியிடம் நீட்டுகிறார். சர்பஜயா உடைந்து அழுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை; அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் உச்சத்தில் அலறுகிறது. கண்ணை மூடிக் கேட்டாலும் மனதைப் பிசையும்.

கட் செய்யாமல் இருப்பதும் எடிட்டிங்தான். 'காட்ஃபாதர்' (1972) படத்தில் வரும் உணவக சீனைப் பாருங்கள். நாயகன் மைக்கேல் பாத்ரூமிலிருந்து துப்பாக்கியோடு திரும்பி வந்து உட்காருகிறான். எதிரே, அவன் சுட வந்திருக்கும் சொலாட்சோ இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான், சப்டைட்டில் கிடையாது. கேமரா மெல்ல மைக்கேலின் முகத்தை நெருங்குகிறது. பேசுபவனுக்கு கட் செய்யாமல், கேட்டும் கேட்காமலும் கண்கள் அலைபாயும் அந்த முகத்திலேயே படம் தங்குகிறது. வெளியே எங்கோ ரயில் கிறீச்சிடும் சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது. ரயிலை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. பின்னணி இசையும் இல்லை. சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் இசை நுழைகிறது. நடுவில் சொலாட்சோவுக்கு இரண்டு கட் போட்டிருந்தால் அந்த முகத்தில் சேர்ந்துகொண்டிருந்த அழுத்தம் இறங்கியிருக்கும்.

அந்த ரயில் சத்தத்தை அங்கே சேர்த்த வால்டர் மர்ச் பின்னாளில் பெரிய எடிட்டராகவும் பெயர் வாங்கியவர். ஒரு கட் எதற்காக என்பதற்கு அவர் ஒரு வரிசை சொல்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, திரைத்தளத்தின் இலக்கணத்துக்கு (யார் இடம், யார் வலம் என்பது திரையில் குழம்பாமல் இருப்பதற்கு) 5, ஆட்களும் பொருட்களும் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. விமர்சனம் எழுதுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஷாட்டில் பாதி டம்ளர் காபி, அடுத்த ஷாட்டில் முழு டம்ளர் என்று கண்டுபிடித்து அதையே எடிட்டிங் குறையாக எழுதுகிறார்கள். எடிட்டருக்கு அது தெரியாமல் இருக்காது. நடிப்பு நன்றாக வந்த டேக்கில் டம்ளர் நிறைந்திருந்தால் டம்ளரை விட்டுக்கொடுப்பதுதான் சரியான முடிவு. உங்கள் கண் டம்ளருக்குப் போனதென்றால், அந்த நொடியில் முகம் ஏன் உங்களைப் பிடித்து வைக்கவில்லை என்று எழுதுங்கள். அது உபயோகமான விமர்சனம்.

சண்டைக்கு ஒரே சோதனை போதும். நடுவில் நிறுத்தி, யார் எந்தப் பக்கம், கதவு எங்கே என்று சொல்லிப் பாருங்கள். நான்கைந்து தடவை நிறுத்தியும் சொல்ல முடியவில்லை என்றால் வேகமான கட்கள் எதையோ மறைக்கின்றன. அடி படாதது, டூப், எடுக்காமல் விட்ட ஷாட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நாயகனே குழம்பிப்போய் நிற்கும் சண்டையாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

குற்றம் சொல்லும் முன், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று சரிபாருங்கள். வசனத்தின் நடுவில் சத்தம் அறுந்தாலோ பாதி அசைவில் ஷாட் தாவினாலோ அது தணிக்கையில் போன துண்டாக இருக்கலாம். ரிலீசுக்குப் பிறகு நீளம் குறைக்கும் படங்களும் உண்டு. டிவியில் வருவது இன்னும் வெட்டப்பட்டிருக்கும்.

பயிற்சிக்குத் தமிழிலேயே நல்ல படங்கள் இருக்கின்றன. எடிட்டிங்குக்கான தேசிய விருதை 'ஆடுகளம்' படத்துக்காகக் கிஷோரும், அடுத்த ஆண்டே 'ஆரண்ய காண்டம்' படத்துக்காகப் பிரவீன் கே.எல்.லும் வாங்கினார்கள். 'விசாரணை'க்கான விருது கிஷோரின் மறைவுக்குப் பிறகு வந்தது. மூன்றில் ஒன்றை எடுத்து ஐந்து நிமிடத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள்.

எழுதும்போது இடத்தைச் சொல்லுங்கள். "எடிட்டிங் கச்சிதம்" என்பதற்குப் பதில் இப்படி: "அம்மா கடனைப் பற்றிச் சொல்லும்போது படம் அவளைக் காட்டவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனின் கை தட்டிலேயே நின்றுவிடுவதைக் காட்டுகிறது. அவள் பேசி முடித்த பிறகும் அந்தக் கை நகரவில்லை."