முதல் ஆண்டிலேயே ராஜினாமா செய்யலாமா? புதிதாக ஆசிரியரான மகளின் தாய்க்கு

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. "என் மகளுக்கு ஆசிரியர் வேலை சரிப்பட்டு வருமா?" என்பது ஒன்று. "வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிவிடலாமா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இப்போது யாராலும் பதில் சொல்ல முடியாது. வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆன ஒருவரைப் பார்த்து, தேறுவார், தேறமாட்டார் என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலோ பாதிக்கு மேல் அவர் வேலை பார்க்கும் பள்ளியின் கையில் இருக்கிறது.

விடுமுறை முடிகிற மாலையிலேயே முகம் வாடிவிடுகிறது, நள்ளிரவு வரை பாடக்குறிப்பு எழுதுகிறாள், "பசங்க என்னை மதிக்கவே மாட்டேங்கறாங்க" என்று அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. கலிபோர்னியாவில் புதிய ஆசிரியர்களோடு பணியாற்றிய எலன் மோயர், முதல் ஆண்டின் மனநிலையை 1990-இல் ஐந்து கட்டங்களாக வகுத்து எழுதினார். ஆசையோடு எதிர்பார்ப்பது, எப்படியோ தாக்குப்பிடிப்பது, மனம் விட்டுப்போவது, மறுபடி தெம்பு வருவது, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது. மனம் விட்டுப்போகும் கட்டம் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிறது என்றார். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்றில்லை. ஆனால் உங்கள் மகளின் சோர்வு அவருடைய தகுதிக் குறைவுக்குச் சான்று ஆகாது.

கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவர் வகுப்பில் ஏன் திணறுகிறார் என்பது உங்கள் வருத்தம். சமூகவியல் அறிஞர் டான் லார்ட்டி 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார்: பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களோடு இருந்துவிடுகிறார். அதனால் இந்த வேலை நமக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். பார்த்ததோ ஆசிரியர் முன்னால் நின்று பேசியதை மட்டும்தான். முந்தின இரவு எதைச் சேர்த்தார், எதை விட்டார், அந்தக் கேள்வியை ஏன் கடைசி பெஞ்சில் இருந்தவரிடம் கேட்டார் என்பதெல்லாம் நம் கண்ணில் பட்டதே இல்லை. பயிற்சிக் காலத்தில் எடுத்த வகுப்புகளும் வேறொரு ஆசிரியர் ஏற்கெனவே பழக்கி வைத்தவை. தன் சொந்த வகுப்பை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பழக்குவது உங்கள் மகளுக்கு இதுதான் முதல் தடவை.

இனி வருவதை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

டீச்சர், வகுப்பு அடங்கவில்லை என்பதுதான் உங்கள் முதல் புகார். எப்படிக் கண்டித்தால் அடங்குவார்கள் என்று தேடுகிறீர்கள். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஒழுங்கான வகுப்புக்கும் கலாட்டா வகுப்புக்கும் உள்ள வேறுபாடு ஆசிரியர் கண்டித்த விதத்தில் இல்லை. தப்பு நடந்தபின் இரு வகை வகுப்புகளின் ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கண்டித்தார்கள். வேறுபாடு அதற்கு முன்னால் இருந்தது. எங்கே என்ன நடக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று நல்ல ஆசிரியர் மாணவர்களுக்கு உணர்த்தினார். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு இழுபறியில்லாமல் நகர்ந்தார். வகுப்பைச் சும்மா காத்திருக்க விடவில்லை.

அதனால் கோபத்தை எப்படிக் காட்டுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, பீரியடின் இணைப்புகளைப் பாருங்கள். உள்ளே வருவது, நோட்டு எடுப்பது, குழுவாக உட்காருவது, தாள் கொடுப்பது, வெளியே போவது. சத்தம் பிறப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். மாணவர்கள் உள்ளே வரும்போதே பலகையில் ஒரு சின்னக் கணக்கோ கேள்வியோ இருக்கட்டும், தினமும் இருக்கட்டும். "நோட்டை எடுத்துத் தேதி போட்டு, புத்தகத்தில் 40-ஆம் பக்கம் திறந்து, இரண்டாவது பத்தியைப் படித்து..." என்று ஒரே மூச்சில் சொன்னால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பார்கள். ஒன்று சொல்லுங்கள், முடியட்டும், அடுத்ததைச் சொல்லுங்கள். சத்தத்துக்கு மேல் பேசாதீர்கள். ஒருவர் நோட்டைக் குனிந்து பார்க்கும்போதும் முகம் வகுப்பைப் பார்த்தபடி நில்லுங்கள். யார் எங்கே உட்காருவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். "பிரின்சிபாலிடம் அனுப்பிவிடுவேன்" என்பதை வாரம் மூன்று முறை சொல்லி ஒருமுறையும் அனுப்பாவிட்டால், அந்த வாக்கியத்துக்கு அப்புறம் மதிப்பே இல்லை. எதிர்த்துப் பேசும் மாணவரோடு வகுப்பின் முன்னால் வாதம் செய்தால் அவருக்கு முப்பது பேர் பார்வையாளர்கள். வகுப்பு முடிந்தபின் தனியே இரண்டு நிமிடம் பேசுங்கள்.

கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்பவர்களும் கூடினார்கள். மூன்று விநாடி அமைதி புதியவருக்கு யுகமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பெயரைப் பிறகு சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இரவு வேலையைக் குறைத்தே ஆக வேண்டும். எல்லாப் பாடத்தையும் புதிதாக உருவாக்காதீர்கள். அதே வகுப்பின் வேறு பிரிவுக்குப் பாடம் எடுப்பவரிடம் அவருடைய குறிப்பையும் பயிற்சித் தாளையும் கேட்டு வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் நேரத்தை இரண்டு இடங்களில் மட்டும் செலவிடுங்கள்: இந்தப் பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள், அங்கே நான் என்ன கேட்பேன். திரையில் ஓடும் படங்களை அழகுபடுத்துவது அடுத்த ஆண்டு வேலை. திருத்துவதிலும் இப்படித்தான். மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்து எழுதினால் குறிப்பின் பலன் போய்விடுகிறது, குறிப்பு மட்டும் எழுதும்போதுதான் மாணவர்கள் முன்னேறுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பள்ளி மதிப்பெண் கேட்கும் தேர்வுகளுக்குப் போடுங்கள். மற்ற நோட்டுகளில் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு திருத்தத்தை எழுதினால் போதும். வீட்டுப்பாடம் முழுவதையும் நீங்களே பார்க்க வேண்டியதில்லை. பாதியை வகுப்பிலேயே விடை சொல்லிச் சரிபார்க்கலாம்.

தொண்டையை மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆசிரியர்களில் 58 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் பிரச்சினை வந்திருந்தது. மற்ற வேலைகளில் இருப்பவர்களிடம் அது 29 சதவீதம். கத்துவதற்குப் பதில் கையை உயர்த்துவது, பேசுபவரின் பக்கத்தில் போய் நிற்பது போன்ற சைகைகளை வகுப்புக்குப் பழக்குங்கள். கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள்.

உதவி கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "கிளாஸ் கன்ட்ரோல் வரலை" என்றால் "போகப் போகச் சரியாயிடும்" என்றுதான் பதில் வரும். "நோட்டு எடுக்கச் சொன்னதும் ஐந்து நிமிடம் போய்விடுகிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றால் உருப்படியான பதில் கிடைக்கும். உங்களை அலைக்கழிக்கும் அதே வகுப்பில் இன்னொரு ஆசிரியர் பாடம் எடுப்பதை அனுமதி கேட்டு உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பயிற்சிப் பட்டறையையும்விட இது பயன்படும். ஆசிரியர் அறையில் மாணவர்களைத் திட்டிக்கொண்டே இருக்கும் மூலை ஒன்று இருக்கும். சுவாரஸ்யமான இடம்தான், ஆனால் தினமும் அங்கே உட்கார்ந்தால் உங்களுக்கும் அதே கண்ணாடி மாட்டிவிடுவார்கள்.

அம்மா, மறுபடியும் உங்களிடம். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். அவராகப் பேசும் வரை விடுங்கள். "டீச்சர் வேலைதானே, சாயங்காலம் சீக்கிரம் வந்துடலாம்" என்று உறவினர் யாராவது சொன்னால் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். பள்ளிக்குப் போன் போட்டு "என் பொண்ணைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் செய்கிற பெற்றோர் இருக்கிறார்கள்.

பள்ளி ஏன் முக்கியம் என்றேனே, அதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 2007-08 கல்வியாண்டில் வேலையில் சேர்ந்த ஆசிரியர்களை அரசு தொடர்ந்து கவனித்தது. முதல் ஆண்டில் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் ஒதுக்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேர் ஐந்தாம் ஆண்டிலும் ஆசிரியராகவே இருந்தார்கள். ஒதுக்கப்படாதவர்களில் 71 சதவீதம். இந்த வித்தியாசம் முழுவதற்கும் வழிகாட்டிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். வழிகாட்டி தரும் பள்ளி வேறு வசதிகளும் தருவதாக இருக்கலாம். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு வழிகாட்டுதல் உண்டு. முதல் ஆண்டில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் பாடவேளை குறைவு. புதியவருக்கு நேரமும் துணையும் தேவை என்பதை அங்கே விதியாகவே எழுதிவிட்டார்கள்.

ஆகவே உங்கள் மகள் முதலில் தலைமை ஆசிரியரிடம் மூன்றைக் கேட்கட்டும்: பெயர் சொல்லி ஒரு வழிகாட்டி, மற்றவர் வகுப்பைப் பார்க்க வாரம் ஒரு பாடவேளை, பாடம் சாராத கூடுதல் பொறுப்புகளில் ஒன்றிலிருந்து விடுவிப்பு. மூன்றில் ஒன்று கிடைத்தாலும் கல்வியாண்டு முடியும் வரை இருந்து பார்க்கலாம். மாணவர்கள் முன்னிலையில் அவரை அவமானப்படுத்துகிறார்கள், சம்பளம் ஒழுங்காக வருவதில்லை, படிக்காத பாடத்தைத் தலையில் கட்டுகிறார்கள், கேட்டும் எதுவும் மாறவில்லை என்றால் அந்தப் பள்ளியை விடுவது சரிதான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

விடுவதாக முடிவானால், ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்து, அனுபவச் சான்றிதழை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த நேர்காணலில் சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் அவர் கேட்கட்டும்: வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தனை வெவ்வேறு வகுப்புகளுக்குத் தயார் செய்ய வேண்டும், முதல் ஆண்டில் யார் என் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்வார், இதே பணியிடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்.