இரவு 8 மணிக்கு வீடு திரும்பினால் சமைக்க மனம் வராதது பற்றி

மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு, இரவு 8 மணிக்கு வீடு திரும்பும்போது சமைக்க மனம் வருவதில்லை, ஞாயிறன்று வாங்கிய காய்கள் வாடப் பரோட்டா வரவழைத்து உண்கிறேன், இது சோம்பலா என்று கேட்டிருந்தீர்கள். இரவில் முழுச் சமையலைத் தொடங்குவதைக் கைவிட்டு, துவரம்பருப்பை மட்டும் இரண்டு நாளைக்குச் சேர்த்து வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 8 மணிக்கு வந்ததும் அதில் தக்காளியும் மிளகு சீரகமும் சேர்த்து ரசமாகவோ, கீரை சேர்த்துக் கூட்டாகவோ இறக்க 20 நிமிடம் போதும்.

ஞாயிறன்று வாங்கிய காய்கள் வாட, நீங்கள் பரோட்டா வரவழைத்து உண்பதற்குச் சோம்பல் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டபின் ஒன்றும் உண்ணாமலிருந்து, அந்தக் கடும் பசியில் என்ன சமைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருப்பதே காரணமாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க, இந்த வாரம் மாலை 6 மணிக்கு அலுவலகத்திலேயே ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ வாழைப்பழமோ உண்டு பாருங்கள். அதன் பிறகும் அடுப்படிக்குப் போக மனம் வராவிட்டால், தடையாக இருப்பது பசியன்றி, நறுக்கும் வேலையாக இருக்கலாம். பீன்ஸையும் கேரட்டையும் முதல் நாள் இரவே நறுக்கி மூடி வையுங்கள். கீரையை வாங்கிய மறுநாளே முடித்துவிட வேண்டும். சேனையும் வெட்டாத பூசணியும் வாரம் முழுவதும் தாங்கும்.

மீந்த சோற்றை மட்டும் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியிலேயே கிடந்த சோற்றில் கிருமிகள் உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.