வீட்டை அடகு வைக்க வேண்டாம், பாண்டைத் திருத்திக் கேளுங்கள்

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு கட்டுமான நிறுவனத்தில் தள மேற்பார்வையாளராக வேலை பார்க்கிறேன். பட்டம் இல்லாததால் திட்டப் பொறியாளர் பதவி கைக்கு எட்டாமலே போகிறது. “வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கட்டுமான மேலாண்மை படி, வீட்டை அடகு வைத்துப் பணம் தருகிறேன்” என்கிறார் அப்பா. நிறுவனமோ, பகுதிநேரமாகப் படித்தால் கட்டணத்தைத் தானே கட்டுவதாகவும், பதிலுக்கு நான்கு ஆண்டு பாண்ட் (விலகாமல் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) எழுதித்தர வேண்டும் என்றும் சொல்கிறது. பாண்ட் என்றாலே பயமாக இருக்கிறது. இந்த வயதில் உதவித்தொகை கிடைக்குமா என்றும் தெரியவில்லை. எந்த வழியில் போவது?

பதில்: அப்பாவிடம் முதலில் நன்றி சொல்லுங்கள். அடுத்து, வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தக் கடன் தேவையில்லை.

படிப்புச் செலவு என்றதும் எல்லோரும் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். வேலையை விட்டால், படிக்கும் ஆண்டுகளில் வராமல் போகும் சம்பளமும் செலவுதான். பலருக்கு அது கட்டணத்தைவிடப் பெரிய தொகை. அதோடு, கட்டுமானம் ஏற்ற இறக்கம் மிகுந்த தொழில். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் கட்டுமான வேலைகள் சரிந்தபோது, திறமை இருந்தும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டு நல்ல ஆண்டாக இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அப்படியிருக்க, கடனுக்குக் குடும்பத்தின் கூரையை ஈடாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது இரண்டாம் தரம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரட்டைக் கல்வி முறையில் சேரும் மாணவர், மூன்று மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் நிறுவனத்திலும் என மாறி மாறிக் கழிக்கிறார்; படிப்பு முடியும்வரை ஊதியம் வருகிறது. இங்கிலாந்தில் 2015-இல் தொடங்கிய பட்டத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் மாணவர் கட்டணமே கட்டுவதில்லை. கட்டுமானத் தள மேலாண்மை, அளவை மதிப்பீடு (கட்டுமானப் பொருளையும் செலவையும் கணக்கிடும் பணி), சிவில் பொறியியல் எல்லாம் அதில் உண்டு. உங்கள் நிறுவனம் சொல்வதும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். ஆகவே அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் நீட்டிய தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

பாண்டில் முதலில் தேட வேண்டியது, நான்கு ஆண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை. சேர்ந்த நாளிலிருந்து என்றால், பட்டம் வாங்கும்போதே பெரும்பகுதி கழிந்திருக்கும். பட்டம் வாங்கிய நாளிலிருந்து என்றால், படிப்புக் காலமும் சேர்ந்து ஏழெட்டு ஆண்டு நீங்கள் அந்த நிறுவனத்தை விட்டு நகர முடியாது. இரண்டும் காகிதத்தில் “நான்கு ஆண்டு” என்றே இருக்கும். இடையில் விலகினால் திருப்பித் தர வேண்டிய தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். மூன்று ஆண்டு உழைத்துவிட்டு விலகுபவரிடம் முழுத் தொகையையும் கேட்பது நியாயமில்லை. நிறுவனமே உங்களை வேலையிலிருந்து நீக்கினால், அல்லது நிறுவனம் மூடப்பட்டால், உங்களுக்குக் கடன் எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இறக்கம் வரும் தொழிலில் அந்த ஒரு வரி மிக முக்கியம்.

கட்டணத்தை அவர்கள் நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டுகிறார்களா, அல்லது நீங்கள் கட்டித் தேர்ச்சி பெற்ற பிறகு திருப்பித் தருகிறார்களா என்பதையும் கேளுங்கள். இரண்டாவதாக இருந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் கையில் முன்பணம் வேண்டும். ஒரு தாளில் தோற்றால் என்ன ஆகும்? தேர்வுக் கட்டணம், மென்பொருள், புத்தகம், பயணச் செலவு யார் தலையில்? மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், நகல் போதும்.

தளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு வகுப்பு. அன்றைக்கென்று கூரைத்தளம் போடும் காங்கிரீட் நண்பகலுக்கு மேல்தான் வந்து சேர்கிறது. பாதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா? பருவத்தின் நடுவில் தொலைவில் இருக்கும் தளத்துக்கு மாற்றினால் அந்தப் பருவமே வீண். எனவே வகுப்பு நாட்களில் உங்கள் இடத்தில் யார் நிற்பார், தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு, பருவம் முடியும்வரை இடமாற்றம் இல்லை என்பனவற்றையும் பாண்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்னது, அவர் மாறிப்போனதும் காற்றோடு போய்விடும்.

நிறுவனம் கட்டாத மீதிக்கு, கட்டுமானத் துறை தனக்கென்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தைத் தேடுங்கள். இதைக் கேட்டுப் பெறுபவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். இந்தியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த முறையில் கட்டுமானச் செலவில் ஒரு பங்கு செஸ் வரியாக வசூலாகி மாநில நல வாரியங்களுக்குப் போகிறது. பதிவு செய்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வாரியங்கள் கல்வி உதவி தருகின்றன. உங்கள் பெற்றோரில் யாராவது கட்டுமானத் தொழிலாளியாகப் பதிவு செய்திருந்தால் விசாரியுங்கள். பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பயிற்சி வாரியம் நிறுவனங்களிடம் வரி வசூலித்துப் பயிற்சிக்கு மானியம் தருகிறது. சிங்கப்பூரில் கட்டட, கட்டுமான ஆணையமே நிறுவனங்களோடு சேர்ந்து உதவித்தொகை வழங்குகிறது. இலண்டனில் உள்ள சிவில் பொறியாளர் நிறுவனம் போன்ற தொழில்முறை அமைப்புகளும் தருகின்றன. வயதைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளி முடித்து வருபவர்களுக்கான திட்டங்கள் பலவற்றில் வயது வரம்பு உண்டு. ஆனால் தொழில்துறை அமைப்புகளிடம் போகும்போது உங்கள் தள அனுபவம் உங்களுக்குச் சாதகமாகவே பேசும்.

கல்விக்கடன் கடைசியில், அதுவும் விடுபட்ட சிறு தொகைக்கு மட்டும். எல்லாக் கடனும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த முறையில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். இங்கிலாந்தில் இளநிலைப் பட்டக் கடனுக்கு வரம்புக்கு மேலான வருமானத்தில் 9 சதவீதம். வேலை போனால் தவணையும் நிற்கும். வங்கிக்கடன் அப்படியல்ல, படிக்கும் காலத்தில் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். மாதாமாதம் அந்த வட்டியையாவது கட்டிவிடுங்கள். இந்தியாவில் 2024-இல் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டத்தில், தகுதிபெற்ற கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் உண்டு. கடன் என்றதும் வீட்டுப் பத்திரத்தைத் தூக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நீங்கள் விரும்புவது திட்டப் பொறியாளர் பதவி. படிக்க நினைப்பது கட்டுமான மேலாண்மை. அந்தப் பதவிக்கு மேலாண்மைப் பட்டம் போதுமா, சிவில் பொறியியல் பட்டமே வேண்டுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பொறியியல் என்றால், பிற நாடுகளிலும் மதிப்புப் பெற, 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்பாட்டின்கீழ் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பாருங்கள். உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் நடத்தப்பட்ட பொறியியல் பட்டங்களை இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்க மறுத்தது. படித்த காலம் வீணாயிற்று. உங்கள் டிப்ளமோவுக்கு எத்தனை பாடங்கள் கழியும் என்பதையும் சேருவதற்கு முன்பே கேளுங்கள். இந்தியாவில் டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் பட்டப் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓர் ஆண்டுக் கட்டணம் அப்படியே மிச்சம்.

உதவித்தொகை விண்ணப்பங்கள் பலவும் வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆகவே இந்த வாரமே பாண்டின் வரைவை வாங்கி, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் வாங்கும் கட்டணத்தையும் படிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.