உரிய பேர் கிடைக்காமல் போன ஆல்டர்னேட்டிவ் (வெகுஜனப் போக்கிலிருந்து விலகிய ராக் இசை) பேண்ட் எது?

என்னைக் கேட்டால் பிக் ஸ்டார். ஆல்டர்னேட்டிவ் என்ற சொல் புழங்குவதற்கு முன்பே அந்த வழியைப் போட்ட அமெரிக்கக் குழு, மெம்பிஸ்காரர்கள். 1972-இல் முதல் ஆல்பம்; விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆனால் விநியோகம் சொதப்பல், கடையில் இசைத்தட்டே கிடைக்கவில்லை. கித்தா (ரப்பர்) மரம் எவ்வளவு பால் கொடுத்தாலும் வாளி பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வந்தால்தானே கணக்கில் ஏறும்? 1974-இல் வந்த இரண்டாவதுக்கும் அதே கதி. பிற்பாடு ஆர்.இ.எம். மாதிரி ராக் குழுக்கள் இவர்களைக் கொண்டாடின.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இரண்டு வெள்ளிக்கு வாங்கிய, பல பாட்டுகள் கலந்த கேசட்டில்தான் இவர்களுடைய 'தர்ட்டீன்' பாட்டைக் கேட்டேன். அட்டையில் குழுவின் பேர்கூட இல்லை. டிரம்ஸ் கிடையாது, அக்கூஸ்டிக் கித்தாரும் குரலும்தான். லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் உட்கார்ந்து நாலு தடவை திருப்பிப் போட்டேன்; அம்மா, "வேற பாட்டே இல்லையாடா?" என்றார்.