திடீரென முளைத்த டிரைவ்கள்: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் ‘இ’ என்று ஒரு புதிய டிரைவ் வந்திருக்கிறது. 500 எம்பிதான். இடம் நிரம்பிவிட்டது என்று ஓயாமல் எச்சரிக்கிறது. வைரஸா? அழித்துவிடலாமா?

பதில்: வைரஸ் இல்லை. அழிக்கவும் வேண்டாம். அது ரெக்கவரி பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் மீட்புக்கென்று தனியாகப் பிரித்து வைத்த பகுதி. விண்டோஸ் கிளம்ப மறுத்தால் பழுதுபார்க்கும் கருவிகள் அங்கிருந்துதான் வரும். பெரிய அப்டேட்டின்போது பழையதில் இடம் போதாவிட்டால், சி டிரைவின் கடைசியில் கொஞ்சம் எடுத்து விண்டோஸ் புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும். அதற்கு டிரைவ் எழுத்து தேவையில்லை. எப்படியோ கிடைத்துவிட்டதால் உங்கள் கண்ணில் படுகிறது. விண்டோஸில் கட்டளை அடித்துப் பார்ட்டிஷன்களைக் கையாளும் கருவியான டிஸ்க்பார்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ‘லிஸ்ட் வால்யூம்’ பட்டியலில் எழுத்தையும் அளவையும் சரிபார்த்து, அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து, ‘ரிமூவ்’ கட்டளையால் எழுத்தை மட்டும் நீக்குங்கள். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஆனால் டிஸ்க்பார்ட்டின் ‘கிளீன்’ கட்டளை, தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையே அழிக்கக்கூடியது. ஆகவே முதலில் பிரதி எடுங்கள்.

கேள்வி: நான் எதையும் பிரிக்கவில்லை. 100 எம்பியில் ஒரு பார்ட்டிஷன் இருக்கிறதே?

பதில்: இஎஃப்ஐ பார்ட்டிஷன். கணினி கிளம்பத் தேவையான கோப்புகள் அதில் உள்ளன. தொடாதீர்கள்.

கேள்வி: 1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபிதான் தெரிகிறது. மீதியை யார் பிரித்தது?

பதில்: யாருமில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல்.

கேள்வி: ஐயா, டி டிரைவைத் திறந்தால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான்.

பதில்: ‘கேன்சல்’ கொடுங்கள். பல நேரங்களில் படங்கள் அழிந்திருப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற குறிப்புதான் கெட்டிருக்கும். செக்டிஸ்க் ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அது கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் வேலையல்ல. டிஸ்க்கில் டக்டக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் லினக்ஸ் யுஎஸ்பி மூலம் கணினியைக் கிளப்பி, டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் கருவி கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு பெரிய டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். தொலைந்த பார்ட்டிஷன்களையும் கோப்புகளையும் மீட்கும் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளை அந்தப் பிரதியில் ஓட்டுங்கள், அசலில் வேண்டாம்.

கேள்வி: எனக்கு ‘எஃப்’ என்று புதிய டிரைவ், நிரம்பியதாக எச்சரிக்கை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எழுத்துதான் வேறு.

கேள்வி: பிரதி, பிரதி என்கிறீர்கள். முக்கியமானவற்றை டி-யில் வைத்தால் போதாதா?

பதில்: போதாது. சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் பகுதிகள். மோட்டார் நின்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

மறுப்பு: விண்டோஸ் கெட்டபோது சி-யை மட்டும் ஃபார்மட் செய்தேன். டி-யில் எதுவும் போகவில்லையே!

பதில்: அந்த வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் நிறுவும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. ‘பார்ட்டிஷன் 3’, ‘பார்ட்டிஷன் 4’ என்றுதான் இருக்கும். அளவைப் பார்த்து ஊகித்து டி-யை ஃபார்மட் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் பலர். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால், அழித்த இடத்தைக் காலி செய்யலாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையும் சேர்ந்துகொள்ளும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாமல் போகலாம். கழற்றித் தனியே வைக்கக்கூடிய வேறு டிஸ்க்கில் இருப்பதுதான் பிரதி.

மறுப்பு: அந்த டிஸ்க்கும் பழுதாகுமே?

பதில்: ஆகும். இரண்டும் ஒரே நாளில் பழுதாவது அரிது. அதற்காகத்தான் இரண்டு.

கேள்வி: காலி இடம் இருந்தும் சி-யைப் பெரிதாக்கும் ‘எக்ஸ்டெண்ட்’ மங்கலாக இருக்கிறது.

பதில்: காலி இடம் சி-யின் வலப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்கும். பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருள் அதை நகர்த்தும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு வசதி) இருந்தால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிரதி எடுத்த பிறகு.