வடிவமைப்புப் படிப்பு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா ஓர் ஆப்செட் அச்சகத்தில் 22 ஆண்டுகளாக மெஷின்மேன். அவர் வீட்டுக்குக் கொண்டுவரும் வேஸ்ட் தாள்களில்தான் என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். நிறம் விலகி, முருகனுக்கு நான்கு கண்கள் தெரியும் காலண்டர் தாள்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இந்த ஆசை வந்தது என்று நினைக்கிறேன். கிராஃபிக் டிசைன் படிக்க விரும்புகிறேன்.

“எங்கள் அச்சகத்தில் டிசைன் செய்யும் பையன்கள் எல்லோரும் ஆறு மாதம் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் கற்றவர்கள்தான். அதற்கு எதற்கு மூன்று வருடம், நான்கு வருடம்?” என்று அப்பா கேட்கிறார். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்றால் சினிமாப் படிப்பு, பெண்பிள்ளைக்கு வேண்டாம் என்கிறார் பெரியப்பா. இனிமேல் எல்லாவற்றையும் ஏஐ வரைந்துவிடும் என்கிறாள் தோழி. நீங்கள் பல ஆண்டுகள் பத்திரிகையில் பக்க வடிவமைப்புச் செய்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். இதைக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கத்தான் வேண்டுமா? படிப்பதென்றால் எங்கே, எதை?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் நான்கு கண் முருகனில் நின்றுவிட்டேன். வகுப்பறையில் படம் போட்டு விளக்க வேண்டிய ஒரு விஷயம் உங்கள் நோட்டு அட்டையிலேயே இருந்திருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் இதைக் கல்லூரியில் படித்தவன் அல்ல. அப்பா சொல்லும் பையன்களைப் போல, ஒரு டிடிபி சென்டரில் ஆறு மாதம் பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவன். எனக்கு 24 வயதானபோது ஒரு பட்டுப்புடவைக் கடையின் கேட்லாக் வேலை கைக்கு வந்தது. பக்கம் முழுவதும் கறுப்பு. அதன்மேல் புடவை. ஓரத்தில் 7 பாயின்ட் அளவில் வெள்ளை எழுத்தில் விவரங்கள். திரையில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கறுப்பு இன்னும் ஆழமாக விழட்டும் என்று சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் கலந்து போட்டிருந்தேன்.

அன்றிரவு அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வயதான மெஷின்மேன் ஒருவர் தாளை மேசைமேல் விரித்து, சிறிய லென்ஸ் ஒன்றை அதன்மேல் வைத்து, “பாருங்கள் தம்பி” என்றார். குனிந்து பார்த்தேன். ‘ணை’ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் ஏறி அடைத்துக்கொண்ட ஒரு கீறல்தான் இருந்தது. 7 பாயின்ட் எழுத்து என்றால் மொத்த உயரமே இரண்டரை மில்லிமீட்டர்தான். அதன் கோடு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வெள்ளை எழுத்து என்பது மை படாமல் விட்ட இடம். ஒவ்வொரு மைக்கும் ஒரு பிளேட், அதாவது அச்சுத் தகடு. நான்கு பிளேட்டுகளும் அதே இடத்தை அப்படியே விட்டாக வேண்டும். ஓடுகிற மெஷினில் தாள் மயிரிழை நகர்ந்தாலும் ஒரு பிளேட் விட்ட இடத்தில் இன்னொரு பிளேட்டின் மை ஏறிவிடும். உங்கள் முருகனுக்கு இரண்டு கண்கள் கூடியதும், என் கேட்லாக்கில் எழுத்துகள் காணாமல் போனதும் ஒரே காரணத்தால்தான்.

“எழுத்து வரும் இடத்தில் கறுப்பை ஒரே பிளேட்டில் போடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், கொஞ்சம் தடிமனாக்குங்கள்” என்றார் அவர். பிளேட்டுகளைப் புதிதாகப் போட்டார்கள். அந்தச் செலவு மூன்று மாதங்கள் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நான் கற்ற ஆறு மாதங்களில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே அப்பா சொல்வதில் பாதி சரி. மென்பொருளுக்கு ஆறு மாதம் தாராளம். மீதி ஆண்டுகள் கண்ணுக்கும் கைக்கும் வேண்டியவை. நல்ல வடிவமைப்புக் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீங்கள் செய்த போஸ்டரைச் சுவரில் மாட்டுவார்கள். வகுப்பு முழுவதும் அதன் எதிரே நிற்கும். இந்தத் தலைப்பு ஏன் இடப்பக்கம் இருக்கிறது, இந்தச் சிவப்பு எதற்கு, இதைப் பத்தடி தள்ளி நிற்பவர் முதலில் எதைப் படிப்பார் என்று ஆசிரியர் கேட்பார். “அழகாக இருந்தது, வைத்தேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. ஜூரி என்று இதற்குப் பெயர். முதலாண்டில் அழுதுவிடுகிற மாணவர்கள் உண்டு. மூன்றாம் ஆண்டில் அந்தக் கேள்விகளை அவர்களே தங்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை. என் ஒவ்வொரு பாடத்துக்கும் யாரோ ஒருவர் பணம் இழக்க வேண்டியிருந்தது.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர்கள் 1958இல் இந்திய அரசுக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி தொடங்கப்பட்டதற்கு அதுதான் அடிப்படை. இந்தியாவில் பார்த்த பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்தது நம் வீட்டுச் சொம்பை. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தலையில் சுமப்பதா, இடுப்பிலா, கையிலா, நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியானால் எப்படி நிற்கும், ஊற்றும்போது என்ன ஆகும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும் என்று அதன்முன் கேள்விகளாக அடுக்கினார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து இதேபோல் கேட்டுப் பாருங்கள். மண்டபத்தின் பெயரைத் தேடும் எழுபது வயது மாமாவின் கண்ணாடியில் தொடங்கி, அது நுழைய வேண்டிய உறை வரைக்கும் கேள்விகள் நீளும்.

எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் தமிழ் எழுத்து. நம் ஊரில் வடிவமைப்புப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தை வைத்தே எல்லாவற்றையும் கற்கிறார்கள். பாடநூல்கள் அப்படி, மென்பொருள் தரும் மாதிரிப் பக்கங்களும் அப்படி. பிறகு அதே கட்டத்துக்குள் தமிழை ஊற்றுகிறார்கள். அது கொள்வதில்லை. தமிழில் ‘கீ’ மேலே சுழிகிறது, ‘சூ’ கீழே இறங்குகிறது. ஒரு வரியில் ‘சூழல்’ வந்து, அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் ‘கீரை’ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. தடித்த எழுத்தாக்கினால் ‘ஞ’, ‘ண’ ஆகியவற்றின் உள்வெளி அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிவிடும். ‘எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். ஒடுக்கமான பத்தியில் அது வரிக்குள் அடங்காது. உடனே எழுத்தின் அளவைக் குறைக்கிறார்கள். இருமொழிப் பலகைகளில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் ஒண்டிக் குடித்தனம் போலச் சிறிதாகவும் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெறுப்பினால் யாரும் அப்படிச் செய்வதில்லை. தமிழுக்கென்று இடம் கணக்கிட யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

இதைவிடவும் என்னை வருத்துவது ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு பிரிந்து எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் பலகைகள். மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான ஓர் அமைப்பைத் தேர்வு செய்திருந்தால் அந்தப் பிழையே வந்திருக்காது. வடிவமைத்தவர் தமிழ் படிக்கத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம்; அந்த நேரத்தில் அவர் படிக்கவில்லை, வடிவத்தை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

எழுத்தை இவ்வளவு உற்றுப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்டால் உதயகுமாரைப் பற்றிச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறந்து, கட்டடக் கலை படித்துவிட்டு, ஐஐடி பம்பாயின் வடிவமைப்புத் துறையில் தமிழ் அச்செழுத்தின் தொடக்க காலம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். இன்று ரூபாய் நோட்டுகளிலும் விலைப் பட்டியல்களிலும் இருக்கும் ₹ என்ற குறி அவர் வரைந்தது. 2010ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. தேவநாகரியின் ‘ர’வும் ரோமன் எழுத்தின் ‘ஆர்’ரும் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்திருக்கும் அந்தக் குறியை ஒரு குழந்தைகூட எழுதிவிடும். அந்த எளிமைக்குப் பின்னால் எழுத்துகளோடு வாழ்ந்த ஆண்டுகள் இருக்கின்றன.

இனி எங்கே, எதை என்பது. இதில்தான் பிள்ளைகள் மிகுதியாக ஏமாந்துபோகிறார்கள். விஸ்காம் என்று நம் கலைக் கல்லூரிகளில் இருப்பது பெரும்பாலும் மூன்றாண்டு பி.எஸ்சி. படிப்பு. வரைதல், ஒளிப்படம், விளம்பரம், தொலைக்காட்சி, குறும்படம், தகவல் தொடர்புக் கோட்பாடு என்று எல்லாவற்றையும் தொட்டுக்காட்டுவார்கள். கிராஃபிக் டிசைன் அதில் ஒன்றிரண்டு பாடங்களாக வரும். உங்கள் பெரியப்பா சொல்லும் சினிமா அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான். எதில் ஆர்வம் என்று இன்னும் தெளியாதவர்களுக்கு அது நல்ல படிப்பு. எழுத்தும் அச்சும் பக்கமும்தான் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அது போதாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இரண்டாம் வகை என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி அது. நம் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் தலைப்பெழுத்து எழுதித்தந்த ஓவியர் ஆதிமூலம் அங்கே படித்தவர். ஓவியர் டிராட்ஸ்கி மருதுவும் அங்கே படித்தவர்தான். விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்ற பெயரிலேயே நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) படிப்பு அங்கே இருக்கிறது. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. சேர்வதற்கு வரைந்து காட்ட வேண்டும். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. ஓவியர் கோபுலு பயின்ற ஓவியப் பள்ளி அந்த ஊரில்தான் இருந்தது. கோட்டோவியத்தில் அவ்வளவு பேர் எடுத்தவர், பிறகு விளம்பரத் துறைக்குப் போய் அங்கும் சாதித்தார்.

அகில இந்திய அளவில் என்ஐடிக்குத் தனி நுழைவுத்தேர்வு. ஐஐடி பம்பாய் போன்றவற்றின் பி.டிசைன் படிப்புக்கு யூசீட் தேர்வு. வணிகவியல் படித்தவர்களும் யூசீட் எழுதலாம்; இதைத் தெரியாமலே விண்ணப்பிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். அதிலும் கையால் வரைய வேண்டிய பகுதி உண்டு. இந்த ஆண்டு தவறினாலும் ஓராண்டு தயார் செய்துகொண்டு எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை.

ஒரு வேண்டுகோள். பெரிய கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்வதானால், சேரும் முன் ஒரு நாள் அங்கே போய், கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அந்த வேலைகளில் தமிழ் எங்காவது இருக்கிறதா, கையால் வரைந்தது இருக்கிறதா, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றனவா என்று பாருங்கள். மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் பணம் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.

ஏஐ பற்றித் தோழி சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிடைத்த படத்தை வெட்டி ஒட்டி, பெயரை மாற்றி, ஒரு மணி நேரத்தில் பிளெக்ஸ் செய்து கொடுக்கும் வேலைக்குத்தான் அதனால் முதல் அடி விழும். அதாவது, ஆறு மாதப் பயிற்சியை மட்டும் நம்பி இறங்குகிறவர்களின் வேலைக்கு. பாதுகாப்பான குறுக்கு வழி என்று அப்பா நினைப்பது இன்று அதிக ஆபத்தான வழியாகிவிட்டது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மகள் கடனில் சிக்கக் கூடாது என்ற கவலையில் பேசுகிறார் அவர். தொடக்கச் சம்பளம் இந்தத் துறையில் குறைவுதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கல்லூரி திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பழகிக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதால் உங்கள் ஊரில் அச்சுத் தொழில் வளர்ந்தது. நாடு முழுவதும் சுவர்களில் தொங்கும் காலண்டர்கள் அங்கே அடிக்கப்படுகின்றன. நாங்களெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய இடத்தில் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள், 22 ஆண்டுகள் நிறம் பார்த்த கண் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

அதனால் இந்த வாரம் இதைச் செய்யுங்கள். மெஷின் ஓடத் தொடங்கி ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) சேரும்வரை கழித்துப் போடுகிற தாள்களில் பத்தை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். அச்சகத்து லென்ஸையும் ஒரு நாள் இரவல் கேளுங்கள். ஒவ்வொரு தாளிலும் எந்த நிறம் விலகியிருக்கிறது, எந்தப் பக்கம், ஏறக்குறைய எவ்வளவு என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவை உட்கார வைத்துத் திருத்தச் சொல்லுங்கள். பத்தில் எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுதுங்கள். நான்கு கண் முருகன் தாள் இன்னும் இருந்தால் அதன் படத்தையும் அனுப்புங்கள்.

அன்புடன்.