எலெக்ட்ரானிக் இசை என்றாலே கணினியில் செய்வதுதானே? டாஃப்ட் பங்கின் ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

டிரம்ஸுக்காக. இந்த ஆல்பத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பாடகரின் குரலைச் சற்று ஒதுக்கிவிட்டு, டிரம்ஸ் வாசிப்பவரின் கையைக் கவனியுங்கள்.

டாஃப்ட் பங்க் என்பது பாரிஸைச் சேர்ந்த இருவர் 2021 வரை நடத்திய இசைக்குழு. தோமா பங்கால்டர், கீ-மானுவேல் தெ ஓமெம்-கிறிஸ்டோ. ரோபோ தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு மேடையேறியவர்கள். 1997இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பங்கால்டரின் படுக்கையறையில் உருவானது. டிரம் மெஷின், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர், பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த சில நொடித் துண்டுகள், இவைதான் அன்றைய மூலதனம். அந்தத் துண்டுகளைச் சுழலவிட்டு, அவற்றின் மேல் பாடலை எழுப்புவதில் அவர்கள் மன்னர்கள். உலகம் முழுக்க அந்தப் பாணி பரவிவிட்ட நேரத்தில், 2013 மே மாதம் வெளியான இந்த நான்காவது ஆல்பத்தில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். பழைய இசைத்தட்டிலிருந்து துண்டு எடுப்பதற்குப் பதிலாக, அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் வாசித்தவர்களையே ஸ்டூடியோவுக்கு அழைத்துவிட்டார்கள்.

யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். முதல் பாடலில் டிரம்ஸ் வாசிக்கும் ஜான் ராபின்சன், மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் த வால்’ ஆல்பத்தில் வாசித்தவர். ‘கெட் லக்கி’யில் வாசிக்கும் ஓமர் ஹக்கீம், டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்தில் பங்கேற்றவர். அதே ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்தின் தயாரிப்பாளரும் ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் கிடார் கலைஞருமான நைல் ராட்ஜர்ஸ் இங்கே கிடாருடன் உட்கார்ந்திருக்கிறார். பேஸ் கிடாருக்கு நேதன் ஈஸ்ட். மொத்தம் 13 பாடல்கள். அவற்றில் கடைசிப் பாடலில் மட்டும்தான் பிறர் இசைத்தட்டிலிருந்து எடுத்த துண்டு வருகிறது.

டிரம் மெஷினுக்கும் மனிதருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். பழைய டிரம் மெஷின் நூறு முறை அடித்தாலும் ஒரே பலத்தில், ஒரே இடத்தில் விழும். ஹக்கீம் அடிக்கும்போது ஒவ்வோர் அடியும் அடுத்ததிலிருந்து துளி மாறுகிறது. ஒன்று இம்மியளவு முந்துகிறது, ஒன்று பிந்துகிறது, ஒன்று மெல்லியதாக விழுகிறது. தாளம் தவறுவதே இல்லை. ஆனால் அது மூச்சு விடுகிறது.

இதைத் தெளிவாகக் கேட்க, மூன்றாவது பாடலான ‘ஜார்ஜியோ பை மொரோடர்’ போதும். 9 நிமிடப் பாடல். 1970களில் சின்தசைசரை நடன இசையின் நடுவே கொண்டுவந்து வைத்த இத்தாலியர் ஜார்ஜியோ மொரோடர் இதில் பாடவில்லை, பேசுகிறார். இளம் வயதில் சிறிய கிளப்புகளில் பாடிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் காரிலேயே தூங்கியதைச் சொல்கிறார். பிறகு, 24 ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் ஒலிநாடாவில் தாளத்தைக் காட்டும் ஒரு ‘கிளிக்’ ஒலியைப் பதிந்து அதோடு மோக் சின்தசைசரை இணைத்த கதைக்கு வருகிறார். அவர் அதைச் சொல்லும்போதே அந்தக் கிளிக் நம் காதில் விழத் தொடங்கிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சின்தசைசர் ஓடுகிறது. பிற்பகுதியில் வயலின்கள் எழுகின்றன. ஹக்கீமின் டிரம்ஸ் அவற்றோடு மோதிக்கொண்டு பாய்கிறது. இயந்திரத்தின் லயத்தில் தொடங்கிய பாடலை ஒரு மனிதர் கையிலெடுத்துக்கொள்ளும் அந்த இடத்துக்காகவே இந்த ஆல்பத்தை நான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன்.

அந்தப் பேச்சைப் பதிவுசெய்ய வெவ்வேறு காலத்து மைக்குகளை வைத்திருந்தார்கள் என்று மொரோடரே சொல்லியிருக்கிறார். எந்தப் பத்தாண்டைப் பற்றிப் பேசுகிறாரோ அதற்கேற்ற மைக். இந்த வேறுபாடு யாருக்குக் கேட்கும் என்று அவர் கேட்டதற்கு, யாருக்கும் கேட்காது, ஆனால் டாஃப்ட் பங்க் இருவருக்கும் கேட்கும் என்று ஒலிப்பதிவாளர் பதில் சொன்னாராம். இப்படி உழைப்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எல்லாப் பாடலும் இந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘த கேம் ஆஃப் லவ்’, ‘விதின்’ இரண்டும் ஏறத்தாழ ஒரே சோகத்தை ஒரே வேகத்தில் சொல்கின்றன. ‘லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்’ ஒரு நிமிடமாவது குறைந்திருக்கலாம். 2014இல் இந்த ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. முதல் பொது வெளியீட்டை நியூ யார்க்கிலோ பாரிஸிலோ வைக்காமல், ஆஸ்திரேலியாவில் பருத்தி விளையும் வீ வா என்ற சிற்றூரின் வேளாண் கண்காட்சியில் வைத்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

நீங்கள் புதிதாகக் கேட்பவர் என்றால் ‘கெட் லக்கி’யில் தொடங்காதீர்கள், அது ஏற்கெனவே கேட்டுச் சலித்திருக்கும். முதல் பாடல், பிறகு மூன்றாவது, பிறகு கடைசிப் பாடலான ‘கான்டாக்ட்’. அதன் தொடக்கத்தில் பேசுபவர் அப்போலோ 17 விண்வெளி வீரர் ஜீன் செர்னன். முடிவில் ஹக்கீம் டிரம்ஸை விளாசித் தள்ளுகிறார். கைப்பேசியின் ஸ்பீக்கர் வேண்டாம், நல்ல ஹெட்போன் வேண்டும். 2023இல் டிரம்ஸை முழுவதும் நீக்கிய பதிப்பு ஒன்றும் வந்திருக்கிறது. மூலத்தை நன்றாகக் கேட்டுப் பழகிய பிறகு அதைக் கேளுங்கள். ராபின்சனும் ஹக்கீமும் எவ்வளவு பாரத்தைச் சுமந்திருந்தார்கள் என்பது அப்போது தெரியும்.